வீணைக்கு இன்சூரன்ஸ் போடவா என்று வாங்குபவரைக் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைவினைப் பொருட்களை வெளியூருக்கு அனுப்பி விற்பது பற்றிச் சில வாரங்களுக்கு முன் உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் போகிற போக்கில் ஒரு வரி: விலை உயர்ந்த பொருளாக இருந்தால் வாங்குபவரின் விருப்பத்தைக் கேட்டுக் காப்பீடு செய்துகொள்ளலாம். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். 2016 முதல் 2022 வரை எனக்கு ஆன படிப்பு முழுக்க அதற்குள் இருக்கிறது.

நான் தஞ்சாவூரில் வீணை செய்து விற்பவன். அப்பா காலத்தில் வீணையை யாரும் பெட்டியில் போட்டு அனுப்பியதில்லை. வாங்குபவர் வருவார், பட்டறையில் பாயைப் போட்டு உட்கார்ந்து மீட்டிப் பார்ப்பார், மூன்று நாள் கழித்து மறுபடி வருவார், அப்புறம் தூக்கிக்கொண்டு ரயிலேறுவார். ராத்திரி முழுக்க வீணை பெர்த்தில் படுத்திருக்கும், அவர் உட்கார்ந்திருப்பார். இப்போது பத்து வீணை விற்றால் ஆறு ஏழு பெட்டியில்தான் போகிறது. போனில் படம் பார்க்கிறார்கள், வீடியோவில் நாதம் கேட்கிறார்கள், பணம் வந்துவிடுகிறது. 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் போன் வருகிறது. பலாமரம் பண்ருட்டியிலிருந்து வருகிறது. வீணை ஜாம்ஷெட்பூருக்கும் மும்பை மாதுங்காவுக்கும் போகிறது. நடுவில் இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரைப் பற்றி எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை.

முதல் அடி ஜாம்ஷெட்பூரில்தான். 2016. எஃகு ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தமிழர், மகளுக்காக வாங்கினார். ஒட்டு வீணை, விலை 24,000 ரூபாய். நாதம் எழுகிற உருண்டையான குடத்தையும், அதிலிருந்து நீளும் தண்டியையும் தனித்தனி மரத்தில் செய்து சேர்ப்பதுதான் ஒட்டு வீணை. ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் ஏகாண்டம். ஒட்டு வீணையில் வலு குறைவான இடம் அந்தச் சேர்மானம். அது எனக்குத் தெரியும். பெட்டிக்குள் அந்த இடத்துக்கு அடியில் எதையும் முட்டுக் கொடுக்காமல் அனுப்பியதும் நான்தான்.

லாரி ஆபீஸில் புக்கிங் போடும் தம்பி, "மதிப்பு எவ்வளவு போடட்டும்ணே?" என்று கேட்டார். 24,000 என்றேன். "அவ்வளவு போட்டா வழியில கேள்வி கேப்பாங்க, மூவாயிரம்னு போட்டுக்கலாம், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார். சரி என்றேன். அந்தச் சரிக்கு எனக்கு ஆன செலவு 21,000 ரூபாய்.

பதினோரு நாள் கழித்துப் போன் வந்தது. "சார், பெட்டியைத் திறந்தோம். வீணை ரெண்டா இருக்கு." அவர் கோபப்படவில்லை. பெட்டியைத் தான் திறந்த விதத்தில்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

லாரி ஆபீஸுக்குப் போனேன். அவர்கள் எதையும் மறைக்கவில்லை, ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். சாலை வழியே சரக்கு ஏற்றிச் செல்பவர்களுக்கு 2007ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்கீழ் 2011இல் வந்த விதிகளின்படி, பொருள் உடைந்தாலோ தொலைந்தாலோ அவர்கள் பொறுப்பு வாடகையில் பத்து மடங்கு வரைதான். அதுவும் நாம் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டக் கூடாது. நான் கொடுத்த வாடகை 780 ரூபாய், பத்து மடங்கு 7,800. நான் எழுதிக் கொடுத்த மதிப்பு 3,000. ஆக 3,000. கூடுதல் பொறுப்பு வேண்டுமென்றால் புக்கிங் போடும்போதே கூடுதல் கட்டணம் கட்டி எழுதி வாங்கியிருக்க வேண்டும். நான் கட்டவில்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பில்லில் எஃப்.ஓ.வி. என்று ஒரு வரி இருக்கும், அதற்குச் சில ரூபாய் பிடித்திருப்பார்கள். மதிப்பின் பேரில் பிடிக்கிற காசு என்பதால் இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது இன்சூரன்ஸ் இல்லை. "ஓனர்ஸ் ரிஸ்க்" என்று ரசீதில் அச்சடித்திருந்தால், அந்த வரியில் எவ்வளவு கட்டியிருந்தாலும் லாரிக்காரர் பொருளின் தலைவிதியை உங்கள் தலையில்தான் கட்டப் பார்ப்பார். "கேரியர்ஸ் ரிஸ்க்" என்று போட்டுக் கூடுதலாகக் கட்டினால் லாரிக்காரர் பொறுப்பேற்கிறார். அதுவும் இன்சூரன்ஸ் ஆகாது, அவர் தரும் வாக்குறுதி. காப்பீட்டு நிறுவனத்தின் பெயரோடும் எண்ணோடும் கையில் ஒரு பாலிசி இருந்தால்தான் இன்சூரன்ஸ்.

வீணை வாங்கிப் பழக்கமான வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். அவர் 1930ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவை எடுத்துப் படித்துக் காட்டினார். வேறு பேச்சு இல்லாதவரை, விற்றவன் பொருளை லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டாலே வாங்குபவரிடம் கொடுத்த மாதிரிதானாம். அப்படிப் பார்த்தால் நஷ்டம் ஜாம்ஷெட்பூர்க்காரருடையது. எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. வக்கீல் அடுத்த வரியைப் படித்தார். பொருளின் தன்மைக்கு ஏற்றபடி நியாயமான ஏற்பாட்டோடு விற்றவன் லாரிக்காரரிடம் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அதைக் கொடுத்ததாக ஏற்க மாட்டேன் என்று வாங்கியவர் சொல்லலாம். "இருபத்து நாலாயிரம் ரூபாய் வீணையை மூவாயிரம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. இது நியாயமான ஏற்பாடுன்னு எந்த ஜட்ஜ்கிட்ட போய்ச் சொல்வீங்க?" என்று கேட்டார்.

சட்டம் எப்படியும் இருக்கட்டும். ஒரு குழந்தையின் அப்பாவிடம் போய் 39ஆம் பிரிவைச் சொல்ல முடியுமா? வேறு வீணை செய்து அனுப்பினேன்.

அதற்கப்புறம் இன்சூரன்ஸ் போட ஆரம்பித்தேன். ஆனால் அந்தக் கட்டுரை சொன்ன மாதிரி வாங்குபவரைக் கேட்டேன். "சார், இன்சூரன்ஸ் போடவா? ஐந்நூறு அறுநூறு ரூபாய் கூட ஆகும்." பத்தில் எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படிக் கேட்டாலே, "இது உடையலாம், காசு கொடுத்தால் உடையாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று நான் சொல்கிற மாதிரிதான் அவர்கள் காதில் விழுகிறது. ஒரு அம்மா நேராகவே கேட்டார்: "ஏன், நல்லா பேக் பண்ண மாட்டீங்களா?"

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கையால் செய்த நம் நாட்டு இசைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் அதை அனுப்ப இன்சூரன்ஸ் போட்டால் பிரீமியத்தில் 18 சதவீதம். 500 ரூபாய் பிரீமியம் 590 ஆகிறது.

இரண்டாவது பாடம் 2019 மே மாதம், டெல்லி. ஏகாண்ட வீணை, 42,000 ரூபாய். இந்தத் தடவை முழு மதிப்புக்கும் பாலிசி. தண்டிக்கு முட்டு, குடத்தைச் சுற்றி மெத்தை, எல்லாம் சரியாகச் செய்திருந்தேன். லாரி நாக்பூரில் ஆறு நாள் நின்றுவிட்டது. நாக்பூர் மே மாதம் என்றால் சொல்ல வேண்டியதில்லை. மூடிய லாரி, அதற்குள் மூடிய பெட்டி, அதற்குள் வீணை.

வாசிக்காதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தந்தியை அழுத்தி வாசிக்க வீணையில் இருக்கிற 24 மெட்டுகளையும் ஆணி அடித்து நிறுத்துவதில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கரிப்பொடியும் கலந்து காய்ச்சிய மெழுகுதான் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மெழுகு இளகியிருக்கும்போதே ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு மயிரிழை நகர்த்தி நிறுத்த வேண்டும். மேளம் கட்டுவது என்போம். எனக்கு இரண்டு நாள் வேலை. அந்த மெழுகு நாக்பூர் வெயிலில் மறுபடி இளகிவிட்டது. டெல்லியில் பெட்டியைத் திறந்தபோது வீணையில் ஒரு கீறல் இல்லை. மெட்டுகள் மட்டும் கல்யாணப் பந்தி முடிந்த இலைகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன.

சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், மரியாதையாகப் பேசினார். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: இழப்பீடு இல்லை. இரண்டு காரணம். தாமதத்தால் வந்த நஷ்டத்துக்குப் பாலிசி பொறுப்பில்லை. பொருளின் சொந்த இயல்பால் வந்த நஷ்டத்துக்கும் பொறுப்பில்லை. மெழுகு இளகுவது மெழுகின் இயல்பு.

நான் கோபப்பட்டேன், ஏஜெண்டிடம் சத்தம் போட்டேன், எல்லாம் நடந்தது. பிறகு பாலிசியை உட்கார்ந்து படித்தபோது அவர்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து அதில் இருந்தது. எந்தச் சரக்குப் பாலிசியை எடுத்தாலும் இந்த மூன்று விலக்கும் இருக்கும்: பேக்கிங் போதாது, பொருளின் இயல்பு, தாமதம். "ஆல் ரிஸ்க்" என்று ஏஜெண்ட் சொல்வதற்குள்ளும் இவை அடங்காது. வீணைக்கு வருகிற பாதி ஆபத்து இந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஏஜெண்டுக்கு எப்படித் தெரியும்? அவர் காலையில் சிமெண்டுக்கும் மத்தியானம் அரிசிக்கும் பாலிசி போடுகிறவர்.

உளி, மெழுகு, சின்ன ஸ்டவ் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு சென்னை போய்த் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். ஸ்டவ்வை எடுத்துக்கொண்டு போனது தப்புதான், சும்மா காலி ஸ்டவ். டெல்லியில் அவர்கள் வீட்டு மொட்டை மாடி அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து மேளம் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ஏப்ரல், மே, ஜூனில் லாரியில் வீணை அனுப்புவதில்லை. எந்தப் பாலிசியும் செய்யாத வேலையை இந்த ஒரு வழக்கம் செய்கிறது.

மூன்றாவது கதையில் பணம் வந்தது, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

2022. மும்பை மாதுங்காவில் ஒரு மாமி, வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். 36,000 ரூபாய் வீணை. இன்சூரன்ஸ் வேண்டுமா என்று இந்த முறை நான் கேட்கவே இல்லை. விலை, பெட்டி, பயணம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னேன். அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெட்டி வந்தபோது ஒரு மூலை நசுங்கியிருந்தது. எங்கோ உயரத்திலிருந்து விழுந்திருக்கிறது. கொண்டுவந்த பையன் கையெழுத்துக்கு நீட்டினான். மாமி பேனாவை வாங்கி, "பெட்டி ஒரு மூலை உடைந்த நிலையில் பெறப்பட்டது" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடப் போனார். "அப்படியெல்லாம் எழுதக் கூடாது மேடம்" என்றானாம். "எழுதாமல் வாங்க மாட்டேன், எடுத்துக்கொண்டு போ" என்றிருக்கிறார். அவன் யாருக்கோ போன் போட்டான். கடைசியில் எழுத விட்டான். என் கணக்கில் அந்த ஒரு வரியின் மதிப்பு 11,800 ரூபாய்.

ஏனென்றால் இன்சூரன்ஸ் கம்பெனி நமக்குப் பணம் கொடுத்துவிட்டு அதே பணத்தை லாரிக்காரரிடம் கேட்கப் போகும். அந்த உரிமையை நாம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கென்றே ஒரு கடிதம் இருக்கிறது. "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று நாமே கையெழுத்துப் போட்டுவிட்டால் அவர்களால் எதைக் கேட்க முடியும்? நாம் அவர்கள் உரிமையைக் கெடுத்துவிட்டோம் என்று நம் இழப்பீட்டில் கை வைப்பார்கள். லாரிக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கவும் கெடு இருக்கிறது: புக்கிங் போட்ட நாளிலிருந்து 180 நாள். அதைத் தவறவிட்டால் வழக்கே போட முடியாது. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே உடைந்திருந்தால், டெலிவரி ஆன மூன்று நாளுக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று என் பாலிசியில் போட்டிருந்தது. மாமி அன்று மாலையே மெயில் அனுப்பிவிட்டார்.

உள்ளே, தண்டியின் நுனியில் செதுக்கியிருக்கும் யாளி முகத்தின் கீழ்த்தாடை போயிருந்தது. தண்டிக்கு அடியில் இருக்கும் சுரைக்குடுக்கை நசுங்கியிருந்தது. மெட்டுகள் சில ஆடிவிட்டன. வீணையைத் திரும்ப வரவழைத்து நான் எழுதிக் கொடுத்த கணக்கு: யாளி முகம் புதிதாகச் செதுக்க 6,500, சுரைக்குடுக்கை 2,500, மேளமும் பாலிஷும் 3,000, போக வர வாடகை 2,000. மொத்தம் 14,000.

தஞ்சாவூருக்கு வந்த சர்வேயர் பட்டறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இந்தச் சுரைக்காய்க்கு பில் இருக்கா?"

"இல்லை சார். கொடியில காய்ச்சது."

"கொடி யாருது?"

"விக்கிறவர் ஒருத்தர் கொண்டுவந்து கொடுப்பார். மழை பெஞ்சா வர மாட்டார்."

பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். பிறகு நசுங்கிய குடுக்கையைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இனிமே என்ன மதிப்பு?" என்றார். நான், "அடுப்புக்கு வேணா ஆகும்" என்றேன். உடைந்த பொருளின் மீதி மதிப்பு என்று 200 ரூபாய் கழித்திருந்தார்கள். பாலிசிப்படி நாமே ஏற்க வேண்டிய தொகை 2,000. மீதி 11,800 வந்தது, 74 நாளில். குறை சொல்லவில்லை. அந்தக் குடுக்கையை நான் எரிக்கவும் இல்லை, பட்டறை ஜன்னலில் ஆணி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன்.

அந்தப் பணம் வந்ததற்கு மாமியின் வரி ஒரு காரணம் என்றால், நான் எடுத்து வைத்திருந்த வீடியோ இன்னொரு காரணம். இப்போது ஒவ்வொரு வீணைக்கும் எடுக்கிறேன். முதலில் சுருதி சேர்த்து, நாலு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் மீட்டிக் காட்டுவேன். இது ரொம்ப முக்கியம். வீணையில் சில விரிசல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். மானாமதுரையில் கடம் செய்யும் நண்பர் ஒருவர் சொல்லித் தந்தது இது. கடத்தில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் பார்வைக்குப் புதுப்பானை மாதிரியே இருக்கும், தட்டினால் செத்த சத்தம் வரும். அனுப்புமுன் தட்டிய சத்தமும் பிரித்த பின் தட்டிய சத்தமும் அருகருகே இருந்தால் அப்புறம் பேச்சே இல்லை.

அதன்பின் தந்தியைத் தளர்த்துவேன். தந்திகளைத் தாங்கும் குதிரையைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றுவேன். தந்தியை முறுக்கும் பிருடைகள் சுழலாதபடி நாடா. சுரைக்குடுக்கையைத் திருகிக் கழற்றித் தனி அட்டைப்பெட்டி. யாளியின் வாய்க்குள் பழைய புடவைத் துண்டு, தாடைக்கும் நாக்குக்கும் நடுவில். குடம் பெட்டியின் அடிப்பலகையில் படவே கூடாது, இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு தொங்கின மாதிரி நிற்க வேண்டும். மூடிக்கு ஆணி அடிப்பதில்லை, திருகாணிதான். சுத்தியல் அடி ஒவ்வொன்றும் மெட்டுக்குப் போய்ச் சேரும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேக்கிங் போதாது என்ற விலக்கில்தான் பெரும்பாலோர் மாட்டுகிறார்கள், அங்கே தள்ளிவிடுவது வாடகைக் கணக்கு. விமானக் கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் இடத்தையும் பார்க்கிறார்கள், எது கூடுதலோ அதற்குக் காசு. நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். என் பெட்டி 140, 50, 45. வகுத்தால் 63 கிலோ. உண்மையில் வீணை 7 கிலோ, பெட்டி 14 கிலோ, மொத்தம் 21தான். அங்குலத்துக்கு அங்குலம் காசு. அதனால் பெட்டியைச் சுருக்குகிறோம், சுருக்கினால் மெத்தைக்கு இடம் இல்லை. மெத்தை இல்லாமல் உடைந்தால் பேக்கிங் சரியில்லை என்று ஒரு கடிதம் வரும். வாடகையில் மிச்சம் பிடித்த எழுநூறு ரூபாய்க்காக நாற்பதாயிரம் ரூபாய்ப் பாலிசியை நாமே கிழித்துப் போடுகிறோம்.

மதிப்பைக் குறைத்துப் போடுவதும் அப்படித்தான். 40,000 ரூபாய் வீணைக்கு 20,000க்குப் பாலிசி எடுத்தால், 10,000 ரூபாய் சேதத்துக்கு 5,000தான் வரும். பாதிக்குக் காப்பீடு செய்தாய், பாதி வாங்கிக்கொள் என்பது கணக்கு.

வெளிநாடு போகிற வீணைகளுக்குக் கதை வேறு. சர்வதேச விமானச் சரக்குக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். வரை விமானக் கம்பெனி பொறுப்பு, முன்பு 22. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. என் 21 கிலோப் பெட்டிக்கு 546, நம் பணத்தில் அறுபதாயிரத்தைத் தாண்டும். டொரண்டோவுக்குப் பறக்கிற வீணைக்கு ஜாம்ஷெட்பூருக்கு உருள்கிற வீணையைவிடப் பாதுகாப்பு அதிகம். சேதத்தை 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பேக்கிங் குறை என்றால் அங்கேயும் கையை விரிப்பார்கள். பாட்டி வாசித்த வீணை, தந்தம் பதித்தது, சிட்னிக்கு அனுப்ப வேண்டும் என்று சிலர் வருவார்கள். அதை அனுப்பவே கூடாது, வனவிலங்குச் சட்டத்தில் மாட்டும். அதற்கு இன்சூரன்ஸ் கேட்பவர்களிடம் டீ கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் இன்சூரன்ஸ் போடச் சொல்லவில்லை. தந்தி, பிருடை, குதிரை போன்றவற்றுக்கு நான் போடுவதில்லை. மானாமதுரை நண்பரும் கடத்துக்குப் போடுவதில்லை. மண்பாண்டம் என்றாலே உடைவதற்குப் பொறுப்பில்லை என்று எழுதித்தான் அவருக்குப் பாலிசி காட்டினார்கள். உடைவதற்குப் பொறுப்பில்லாத பாலிசி கடத்துக்கு எதற்கு? ஒவ்வொரு கடத்திலும் நூறு ரூபாய் எடுத்து ஒரு டப்பாவில் போடுகிறார். உடைந்தால் டப்பாவிலிருந்து இன்னொன்று. அவருக்கு அது சரி. வீணைக்கு டப்பா பத்தாது. வருடத்தில் முப்பது வீணை அனுப்புகிற எனக்கு ஒன்று உடைந்தாலே ஒரு மாத வருமானம் போகிறது.

ஆகவே அந்தக் கட்டுரைக்கு என் பதில் இது: வாங்குபவரைக் கேட்காதீர்கள். செய்தவனுக்குத்தான் எந்த இடம் வலுவில்லாதது, எந்த மாதம் ஆகாது என்று தெரியும். இன்சூரன்ஸை அவன் போட வேண்டும், முழு மதிப்புக்குப் போட வேண்டும், விலையில் சேர்த்துவிட வேண்டும். பெட்டிக்குப் பலகை வேண்டுமா என்று நாம் யாரையும் கேட்பதில்லையே.

ஒரு கோரிக்கையும் உண்டு. தனித்தனியாக ஒவ்வொரு பயணத்துக்கும் பாலிசி எடுப்பதால்தான் எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை. பெரிய வியாபாரிகள் வருடம் முழுக்க அனுப்புகிற சரக்குக்கு மொத்தமாக ஒரே பாலிசி எடுத்துவிடுகிறார்கள், ஒவ்வொன்றை அனுப்பும்போதும் தகவல் மட்டும் கொடுத்தால் போதும். வீணை செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கத்தின் பெயரில் அப்படி எடுக்க முடியாதா? பூம்புகார் போன்ற அரசு நிறுவனம் நடுவில் நின்றால் இன்னும் எளிது. இழப்பீடு மறுத்தால் முறையிட சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது என்பதுகூட எங்களில் பலருக்குத் தெரியாது. எனக்கே 2019இல் தெரியாது. அன்று போயிருந்தாலும் மெழுகு விஷயத்தில் தோற்றிருப்பேன், அது வேறு.

போன மாதம் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு பொதுத்துறைக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனோம். மேலாளர் உட்காரச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். மூன்று வருடத்தில் எத்தனை வீணை அனுப்பினீர்கள், எந்த ஊருக்கு, என்ன மதிப்பு, எத்தனை உடைந்தது, எழுதிக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார். பதினொரு பேரில் நோட்டு வைத்திருந்தது மூன்று பேர். மற்றவர்கள் பழைய லாரி ரசீதுகளைப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். பாதியில் மதிப்பு மூவாயிரம் என்றுதான் இருக்கிறது. பக்கத்தில் உண்மையான விலையை இன்னொரு மையில் எழுதி, அடுத்த புதன்கிழமை கொண்டுபோகிறோம்.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள். மாமியின் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட வேண்டாம். அந்த லாரி ஆபீஸில்தான் இன்றும் புக்கிங் போடுகிறேன் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீணை செய்பவர் ஒருவர்,
தஞ்சாவூர்.